அங்கே நடக்கும் வழக்கை இங்கே நிறுத்த முடியுமா?

1948 மார்ச் வரை திருச்சிக்காரருக்கு அயல்நாட்டு நீதிமன்றம் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடும் தூரத்தில் இருந்தது. தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது அந்த மாதத்தில்தான். அதுவரை, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் புதுக்கோட்டை நீதிமன்றத்தை லண்டன், பாரிஸ் நீதிமன்றங்கள் இருந்த அதே பட்டியலில்தான் வைத்திருந்தது. கிழக்கே காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களின் நீதிமன்றம். மேற்கே மைசூர் மகாராஜாவின் நீதிமன்றம். மைசூரிலும் சென்னை மாகாணத்திலும் சொத்து வைத்திருந்த ஒரு முதலியார் குடும்பத்தில் தகராறு வந்தபோது, மைசூர் தீர்ப்பு சென்னை மாகாண வழக்கை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் 1962இல்தான் முடிந்தது.

ஆக, ஒரே தகராறு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் வழக்காக ஓடுவது நமக்குப் புதிதல்ல. சட்டமும் இதை முன்பே யோசித்திருக்கிறது. நடைமுறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஒரே விஷயத்தில் முதலில் போட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அடுத்த வழக்கை நிறுத்திவைக்கச் சொல்கிறது. ஆனால் அதன் விளக்கக் குறிப்பு, முதல் வழக்கு வெளிநாட்டில் என்றால் இந்தியாவில் விசாரணையைத் தொடரத் தடையில்லை என்கிறது. அங்கேயும் நடக்கலாம், இங்கேயும் நடக்கலாம்.

இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. இங்கே வழக்கு நடக்கட்டும், ஆனால் எதிராளி அங்கே வழக்கை நடத்தக்கூடாது என்று நம் நீதிமன்றம் உத்தரவு போட முடியுமா? போட்டால் அது செல்லுமா? திருச்சி தில்லைநகரின் கிராஸ் தெருக்களில் இந்தக் கேள்வி, "அங்க கேஸ் போட்டுட்டாங்க சார், இங்க ஸ்டே வாங்கிடலாமா?" என்ற வடிவத்தில் வக்கீல் ஆபீஸ்களுக்கு வருகிறது. மகனோ மகளோ அமெரிக்காவிலும், உறவினர் சிங்கப்பூரிலும், பழைய கடன் ஒன்று துபாயிலும் இருக்கிற ஊரில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திருச்சி நீதிபதி டெக்சஸ் நீதிபதிக்கு ஸ்டே கொடுக்க முடியாது. யாரும் அப்படிக் கொடுப்பதும் இல்லை. கொடுக்கப்படுவது உறுத்துக்கட்டளை. அது எதிராளி என்ற ஆளை மட்டும் பார்த்துப் பேசுகிறது: நீ அந்த வழக்கை மேற்கொண்டு நடத்தாதே, நடத்தினால் இங்கே உன்னைத் தண்டிப்பேன். அங்குள்ள நீதிமன்றத்துக்கு இதில் எந்தக் கட்டளையும் இல்லை. அது விரும்பினால் வழக்கைத் தொடரலாம், தடை வாங்கியவரையே கண்டிக்கவும் செய்யலாம்.

இந்த உத்தி இங்கிலாந்தில் பிறந்தது, அதுவும் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு எதிராக அல்ல. லண்டனிலேயே இருந்த இரண்டு வகை நீதிமன்றங்கள் ஒன்றோடொன்று மோதியபோது. 1615இல் பொதுச் சட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தவரை, அந்தத் தீர்ப்பை நிறைவேற்றாதே என்று சான்சரி நீதிமன்றம் தடுத்தது. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் கொதித்தார். சான்சலர் எல்ஸ்மியர் அசையவில்லை. அடுத்த ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னர் சான்சரி பக்கம் சாய்ந்தார். "நான் தடுப்பது நீதிமன்றத்தை அல்ல, கட்சிக்காரரின் மனசாட்சியை" என்ற சான்சரியின் வாதம் பின்னர் அயர்லாந்துக்கும், ஐரோப்பாவுக்கும், அமெரிக்காவுக்கும் நீட்டப்பட்டது. சாமர்த்தியமான வாதம்தான். தடுக்கப்பட்ட நீதிமன்றங்கள் அதை ஒருபோதும் முழுதாக நம்பவில்லை என்பதும் உண்மை.

இந்தியாவில் இதற்கென்று ஒரு சட்டப்பிரிவு கிடையாது. சொல்லப்போனால் இதைத் தடுப்பதுபோல் தோன்றும் பிரிவு ஒன்று இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டம், பிரிவு 41(ஆ): தனக்குக் கீழ்ப்படாத நீதிமன்றத்தில் ஒருவர் வழக்கு நடத்துவதைத் தடுத்து உறுத்துக்கட்டளை தரக்கூடாது. நியூயார்க் நீதிமன்றம் பம்பாய் நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்டதா என்ன? ஓ.என்.ஜி.சி. வழக்கில் இந்த வாதம் எழுந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒப்பந்தத்தில் ஓ.என்.ஜி.சி.க்கும் அமெரிக்காவின் வெஸ்டர்ன் கம்பெனிக்கும் தகராறு. லண்டனில் நடுவர் விசாரணை. ஒப்பந்தப்படி பொருந்துவது இந்திய நடுவர் சட்டம். நடுவர் தீர்ப்பை ரத்துசெய்யக் கோரி ஓ.என்.ஜி.சி. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வெஸ்டர்ன் கம்பெனியோ அதற்குள் நியூயார்க்கில் அதை உறுதிசெய்யச் சொல்லி மனுப்போட்டது. 1987 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எம்.பி. தக்கர், 41(ஆ) இந்தியாவுக்குள் இருக்கும் நீதிமன்றங்களின் படிநிலையைப் பற்றியது, வெளிநாட்டு நீதிமன்றத்தைப் பற்றியதல்ல என்று வழிதிறந்துவிட்டார். இங்கே ரத்தாகக்கூடிய ஒன்று அங்கே நிறைவேறிவிட்டால் என்ன ஆகும் என்பதே அவரைத் தடை கொடுக்கவைத்த கேள்வி. இப்படித் தடை தருவதில் நீதிமன்றங்கள் மிகவும் தயங்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

பதினாறு ஆண்டு கழித்து, 2003இல், நெறிமுறைகள் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டன. 2000 அக்டோபரில் நைரோபியில் நடந்த ஐ.சி.சி. நாக்அவுட் கிரிக்கெட் போட்டியைத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பும் உரிமை பற்றிய சண்டை அது. மோடி என்டர்டெயின்மென்ட் பம்பாயில் வழக்குப் போட்டது, டபிள்யூ.எஸ்.ஜி. கிரிக்கெட் ஒப்பந்தப்படி இங்கிலாந்தில் பணம் கேட்டு வழக்குப் போட்டது. தனி நீதிபதி தடை கொடுத்தார், டிவிஷன் பெஞ்ச் எடுத்துவிட்டது, உச்ச நீதிமன்றம் டிவிஷன் பெஞ்சை ஆதரித்தது. ஆங்கிலச் சட்டத்தையும் ஆங்கில நீதிமன்றத்தையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அங்கே போவது கொடுமை என்று சொல்ல முடியாது. அன்று முதல் எந்த நீதிமன்றத்திலும் இந்த மனு வந்தால் மூன்று கேள்விகள். எதிராளி நம் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவரா? தடை தராவிட்டால் நீதி கெட்டுப்போகுமா? மற்ற நாட்டு நீதிமன்றத்துக்குக் காட்டவேண்டிய மரியாதை குறையாமல் இருக்கிறதா?

கீழமை நீதிமன்றங்களில் வாதம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளிலேயே சுற்றுகிறது. முதல் கேள்வியை முகவரி பார்த்து, திருமணம் நடந்த ஊர் பார்த்து, ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் முழு விஷயத்தின் உயிரும் அந்த முதல் கேள்வியில்தான் இருக்கிறது. அதைச் சட்ட நோக்கில் மட்டும் பார்க்காமல், இந்த ஆளை நாம் உண்மையில் எதைக்கொண்டு பிடித்துவைத்திருக்கிறோம் என்று உலகியலாகக் கேட்க வேண்டும்.

பெங்களூர் விமான விபத்து இதற்கு நல்ல சாட்சி. 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320, ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே விழுந்தது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அவர்களில் லண்டனில் குடியேறிய இந்திய வம்சாவளிக் குடும்பத்தினரும் இருந்தனர். இந்தியாவில் கிடைத்த இழப்பீட்டோடு நிற்காமல், அந்தக் குடும்பங்கள் விமானம் தயாரித்த ஏர்பஸ் மீது அமெரிக்காவின் டெக்சஸில் வழக்குப் போட்டன. ஏன் டெக்சஸ்? ஏர்பஸ் பிரான்ஸ் நாட்டு நிறுவனம், விபத்து நடந்தது கர்நாடகத்தில், இறந்தவர்கள் லண்டன்வாசிகள். காரணம், அன்றைய டெக்சஸ் சட்டம் இப்படி வெளியூர் வழக்குகளைத் திருப்பி அனுப்ப அனுமதிக்கவில்லை. இழப்பீட்டுத் தொகையும் பெரிது. ஜெயித்தால்தான் வக்கீலுக்குக் கட்டணம் என்ற ஏற்பாடும் உண்டு.

ஏர்பஸ் பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய், இந்தக் குடும்பங்கள் இந்தியா தவிர வேறெங்கும் வழக்கு நடத்தக்கூடாது என்று உத்தரவு வாங்கியது. உத்தரவு சரியானதுதான்: விபத்து இங்கே, சாட்சிகள் இங்கே, விசாரணை அறிக்கை இங்கே. ஆனால் அதை யார் மதிக்க வேண்டும்? லண்டனில் இருந்தவர்களுக்கு பெங்களூரில் வீடும் இல்லை, கணக்கும் இல்லை, திரும்பிவர வேண்டிய அவசியமும் இல்லை. பண டிக்ரி என்றால் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் நிறைவேற்றலாம். உறுத்துக்கட்டளையை அப்படிக் கொண்டுபோக வழியில்லை. எனவே ஏர்பஸ் லண்டன் நீதிமன்றத்திடமே போய், நீங்களாவது இவர்களைத் தடுங்கள் என்று கேட்டது. உயர் நீதிமன்றம் மறுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்தது, 1998இல் பிரபுக்கள் சபை மீண்டும் மறுத்தது. இந்தியாவுக்கும் டெக்சஸுக்கும் நடக்கும் சண்டையில் இங்கிலாந்து நீதிமன்றம் உலகப் போலீஸ்காரராக நடுவே புக முடியாது என்பது லார்ட் கோஃப் எழுதிய தீர்ப்பின் சாரம். உலகமெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. நம்மூர்க் கண்ணால் பார்த்தால் அதன் பாடம் எளிது: மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை.

கனம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்த்திசையில் ஒரு சாட்சி. ரஷ்யாவில் நின்றுபோன எரிவாயுத் திட்டத்துக்கு யூனிகிரெடிட் வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தது. தகராறு பாரிஸில் நடுவரிடம் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். ரஷ்ய நிறுவனம் ரஷ்யாவிலேயே வழக்குப் போட, 2024இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. வங்கிக்குப் பெரிய வெற்றி. ஆனால் அந்த வங்கிக்கு ரஷ்யாவில் தொழில் இருந்தது, சொத்து இருந்தது. தடையை நீக்காவிட்டால் 25 கோடி யூரோ அபராதம் என்று ரஷ்ய நீதிமன்றம் சொன்னதும், தடை வாங்கிய வங்கியே 2025இல் லண்டனுக்குப் போய் தன் தடையை ரத்துசெய்யக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம்மூர்க் குடும்ப வழக்குகளுக்கு வருவோம். திருச்சியைப் பொறுத்தவரை விஷயம் அடர்த்தியாக இருப்பது இங்கேதான்.

இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, திருமணம் எங்கே நடந்ததோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம் நடந்துவிட்டால் போதும்; தம்பதி அதன்பின் இருபது வருடம் நியூஜெர்சியில் குடித்தனம் நடத்தினாலும் திருச்சி குடும்ப நீதிமன்றத்தின் கதவு திறந்தேயிருக்கும். மனைவி இப்போது வசிக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம்; 2003இல் சேர்க்கப்பட்ட வசதி அது. அமெரிக்காவிலோ அதிகாரம் பெரும்பாலும் வசிப்பிடத்தைப் பொறுத்தது: நெவாடாவில் ஆறு வாரம், டெக்சஸில் ஆறு மாதம் இருந்தால் விவாகரத்து மனுப் போடலாம். அங்கே திரும்பச் சேரவே முடியாதபடி மணவாழ்வு முறிந்துவிட்டது என்பதே போதுமான காரணம். நம் சட்டத்தில் அப்படியொரு காரணம் இன்றுவரை இல்லை.

இந்த நிலையில் தில்லைநகர் வீட்டுக்கு ஒரு கூரியர் கவர் வருகிறது. உள்ளே சம்மன், மனுவின் நகல், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும் என்ற எச்சரிக்கை. ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்லலாம். வெளிநாட்டு நீதிமன்ற அறிவிப்புகளைச் சார்வு செய்வதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2006இல் சேர்ந்தது; ஆனால் தபால் வழியாக நேரடியாக அனுப்பும் முறையை இந்தியா ஏற்கவில்லை. முறைப்படி அது தில்லியில் சட்ட அமைச்சகம் வழியாக வரவேண்டும். கூரியரில் வந்த கவர் இந்திய நோக்கில் அரைகுறைச் சார்வுதான். அதற்காகக் குப்பைக்கூடையில் போட்டுவிட முடியாது, ஏனென்றால் அங்குள்ள கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும்.

அப்பா கவரோடு வக்கீலிடம் போகிறார். "நாம அங்க போகவே வேண்டாம்ல சார்? அந்தத் தீர்ப்பு இங்க செல்லாதுல்ல?" என்கிறார். பாதி சரி. மிசௌரி மாநிலத்தில் தொண்ணூறு நாள் வசிப்பைக் காட்டி ஒரு கணவர் வாங்கிய விவாகரத்து 1991இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. திருமணம் திருப்பதியில் நடந்தது. மனைவி அந்த வழக்கில் போய் வாதாடவில்லை. எந்தச் சட்டப்படி திருமணமோ, அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றம், அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்தில் தரும் விவாகரத்தே இங்கே செல்லும் என்றது தீர்ப்பு. விதிவிலக்கும் சொன்னது: எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்கை நடத்தினாலோ, சம்மதித்தாலோ கதை வேறு.

இங்கேதான் பொறி. போய் வாதாடினால் அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டவராகிவிடுவோம். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அது இங்கே செல்லாமல் போகலாம், ஆனால் அங்கே வீடும் வங்கிக் கணக்கும் ஓய்வூதிய நிதியும் அந்தத் தீர்ப்புப்படி பிரிக்கப்பட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியாகத்தான் உறுத்துக்கட்டளை மனு வருகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 7ஆம் பிரிவு, மணவுறவிலிருந்து எழும் விஷயங்களில் உறுத்துக்கட்டளை தரும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. முதல் மனுவோடு ஐ.ஏ. என்ற இடைக்கால மனு ஒன்று, நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39, பிரிவு 151, வெளிநாட்டு மனுவின் நகல், திருமணப் பத்திரிகையும் பதிவுச் சான்றும். எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு தந்தால், முப்பது நாளில் மனுவை முடிக்க முயலவேண்டும் என்று விதி சொல்கிறது. விதியும் வாய்தாவும் எவ்வளவு தூரம் என்பதைக் கோர்ட் வராந்தாவில் நின்றவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

குடும்ப வழக்கில் எப்போது தருவார்கள்? 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை நேராகப் பார்த்தது. கணவர் குர்கானில் விவாகரத்து மனுப் போட்டார். மனைவி ஃபுளோரிடாவில் போட்டார். தடை கேட்டது கணவர். முதலில் எக்ஸ்பார்ட்டியாகக் கிடைத்த தடை பிறகு நீக்கப்பட்டது. இருவரும் பல ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள், வீடு அங்கே, பிள்ளைகள் அங்கே. ஃபுளோரிடாவில் வழக்கு நடப்பதில் கணவருக்கு என்ன கொடுமை என்று கேட்டுத் தடை மறுக்கப்பட்டது. அந்த ஊரின் விவாகரத்துக் காரணம் நம் சட்டத்தில் இல்லை என்பது மட்டும் தடைக்குப் போதாது என்றும் சொல்லப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அரிசோனாவில் நடந்த ஒரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தடை கொடுக்கவும் செய்தது. இரண்டிலும் தடை கேட்டு வந்தவர் கணவரே என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளையால் கைவிடப்பட்ட பெண்ணைக் காக்கும் கேடயம் என்று இந்தத் தடையைப் பற்றிப் பேசுவது வழக்கம். நடைமுறையில், அமெரிக்கச் சட்டம் மனைவிக்குத் தரும் சொத்துப் பங்கும் ஜீவனாம்சமும் பெரிது என்பதால், அங்கிருந்து வழக்கை இங்கே இழுத்துவரும் ஆசை கணவருக்குத்தான் கூடுதலாக இருக்கிறது.

கைவிடப்பட்ட பெண் தடை கேட்டால்? நீதிமன்றம் இரக்கத்தோடு கேட்கும், பெரும்பாலும் கொடுக்கவும் செய்யும். ஆனால் அந்த மாப்பிள்ளை குடியுரிமை வாங்கியவர், இங்கே பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டுவிட்டார் என்றால், ஆணை 39 விதி 2ஏ சொல்லும் சொத்து ஜப்தியும் மூன்று மாதச் சிவில் சிறையும் யாரை என்ன செய்யும்? அதே மாப்பிள்ளைக்கு உறையூரில் பூர்விக வீட்டில் பங்கும், வருடம் ஒருமுறை வைகுண்ட ஏகாதசிக்கு வந்தே தீரவேண்டிய தாயாரும் இருந்தால், அதே உத்தரவு வக்கீல் நோட்டீஸாகப் போனதுமே வேலை செய்யத் தொடங்கும். உத்தரவில் எழுத்து ஒன்றுதான். அதனால்தான் சொல்கிறேன், தடை தேவைப்படுவோருக்கு அது பலவீனமாகவும், அவ்வளவாகத் தேவைப்படாதவருக்கு வலுவாகவும் வேலை செய்கிறது. மனுவை விசாரிக்கும் நீதிபதி, எதிராளிக்கு இந்தியாவில் என்ன இருக்கிறது என்று பிரமாணப் பத்திரத்தில் கேட்டு எழுதினால், பாதி வெற்று உத்தரவுகள் பிறக்காமலே போகும். தடை வாங்குகிறவரிடமும், இதனால் எதிராளிக்கு வரும் செலவை ஈடுகட்டுவேன் என்று உறுதிமொழி வாங்கலாம். இங்கிலாந்தில் அது வழக்கம். இங்கே இடைக்காலத் தடையைச் செலவில்லாத பொருளாகத் தருகிறோம்.

குழந்தை விஷயத்தில் நிலைமை இன்னும் வழுக்கலானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தம்பதி பிரிட்டனில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள். 2012இல் மனைவி இரண்டு மகள்களோடு கோவை வந்து, அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்து, அழைத்து வரச் சொன்னது. கணவரின் ஆட்கொணர்வு மனுவை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2015இல் உச்ச நீதிமன்றம், காவல் பற்றி முதலில் உத்தரவு போட்டது எந்த நீதிமன்றம் என்று பார்த்து, லண்டன்தான் என்பதால் அதற்கு முன்னுரிமை தந்தது. இதன் விளைவை எந்த வக்கீலும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்: யார் முதலில் ஓடிப்போய் உத்தரவு வாங்குகிறாரோ அவர் பக்கம். 2017இல் உச்ச நீதிமன்றமே அதிலிருந்து திரும்பி, குழந்தையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் மட்டும் என்றது. சரியான திருத்தம். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009இலேயே பரிந்துரைத்தும் சேரவில்லை. எனவே ஒவ்வொரு குழந்தையின் கதையும் தனித்தனியே ரிட் மனுவாகவே ஓடுகிறது.

கம்பெனிகளுக்கு வந்தால் பேச்சு சுருங்கும், ஏனென்றால் அங்கே இரு பக்கமும் பணம் இருக்கிறது, இரு பக்கமும் சொத்து இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பட்டது நிசான் விவகாரம். ஒரகடம் ஆலைக்காகச் செய்த 2008ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தரவேண்டிய ஊக்கத்தொகையை மாநில அரசு தரவில்லை என்று, இந்திய ஜப்பான் பொருளாதார உடன்படிக்கையின் கீழ் 2017இல் நிசான் சர்வதேச நடுவரிடம் போனது. நிலுவை 2,900 கோடி ரூபாய், இழப்பீடு 2,100 கோடி ரூபாய் என்பது கணக்கு. அந்த விசாரணையைத் தடுக்கச் சொல்லி அந்த டிசம்பரில் தமிழ்நாடு அரசு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரலில் நடுவர் மன்றம் தனக்கு அதிகாரம் உண்டு என்று தீர்மானித்தது. 2020இல் பேச்சுவார்த்தையில் சமரசமானது. வரித் தகராறில் வோடஃபோனுக்கு எதிராக மத்திய அரசு தில்லியில் வாங்கிய இதேபோன்ற தடையும் 2018 மே மாதம் நீக்கப்பட்டது. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது அரசு. அதன் கீழ் நடக்கும் விசாரணையை அந்த அரசின் நீதிமன்றமே நிறுத்தினால், அடுத்த முதலீட்டாளர் யோசிக்கத்தான் செய்வார்.

ஷாதி டாட் காம் நிறுவனர் அனுபம் மிட்டல் வழக்கில் இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் நேருக்கு நேர் நின்றன. தகராறு நடுவரிடம்தான் போகவேண்டும், மும்பை கம்பெனித் தீர்ப்பாயத்தில் வழக்கை நடத்தாதே என்று சிங்கப்பூர் நீதிமன்றம் அவரைத் தடுத்தது. 2023 ஜனவரியில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், அந்தச் சிங்கப்பூர்த் தடையை நிறைவேற்ற முயலாதே என்று எதிர்த்தரப்பைத் தடுத்தது. கம்பெனி நிர்வாகக் கொடுமை பற்றிய வழக்கை இந்தியச் சட்டம் நடுவரிடம் விடுவதில்லை என்பது காரணம்.

தடைக்குத் தடை என்ற இந்தக் கலையை இந்தியாவில் தொடங்கிவைத்தது தில்லி. சீனாவின் ஷாவ்மி மீது இன்டர்டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் காப்புரிமை வழக்குப் போட, வூஹான் நீதிமன்றம் இந்திய வழக்கையே நிறுத்தச் சொன்னது. மீறினால் நாளுக்கு பத்து லட்சம் யுவான் அபராதம். 2021 மே மாதம் நீதிபதி சி. ஹரிசங்கர், அந்த வூஹான் உத்தரவை நிறைவேற்றவிடாமல் ஷாவ்மியைக் கட்டினார். அங்கே அபராதம் விதித்தால் அந்தத் தொகையை ஷாவ்மி இங்கே கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஷாவ்மியின் செல்போன் கடை இந்தியாவின் எல்லா ஊரிலும் இருந்தது. பெங்களூர் ஏர்பஸ் உத்தரவுக்கு இல்லாத பல் இதற்கு இருந்தது அதனால்தான். சீன நீதிமன்றங்களின் இந்தப் பழக்கத்தை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் 2022இல் தொடுத்த வழக்கும் 2025 ஜூலையில் சீனாவுக்கு எதிராக முடிந்தது.

வெளிநாட்டுவாழ் இந்தியர் மண விவகாரங்களுக்கு ஒரு தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 287ஆவது அறிக்கையில் எழுதியது. 2019இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட திருமணப் பதிவு மசோதாவும் சட்டமாகவில்லை. அப்படி ஒரு சட்டம் வந்தாலும் அமெரிக்க விவாகரத்துகளைத்தான் மனதில் வைத்து எழுதுவார்கள். திருச்சியின் விமானங்கள் அதிகம் போய்வருவது சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடாவுக்கு. சிங்கப்பூர், மலேசிய உயர்மட்ட நீதிமன்றங்களின் பண டிக்ரிகளை நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் நேராகத் திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அமெரிக்கத் தீர்ப்பு என்றால் அதை வைத்து இங்கே மூன்று ஆண்டுக்குள் புதிதாக ஒரு வழக்குப் போடவேண்டும். துபாய் தீர்ப்புக்கு அந்தச் சிரமம் இல்லை. கடன் அட்டை பாக்கியையும் கார் கடனையும் அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

துபாய் வங்கி வழக்கைத் தொடராமல் இங்கே தடை வாங்கலாமா என்று கேட்டால், 2003ஆம் ஆண்டு நெறிமுறைகள் தரும் பதில் தெளிவானது: முடியாது. கடன் அங்கே வாங்கியது, ஒப்பந்தம் அங்கத்திய சட்டப்படி. வழக்கை அங்கே நடத்துவதில் கொடுமை எதுவுமில்லை. மிச்சமிருப்பது நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் பாதுகாப்பு. வாதியின் சாட்சியத்தைப் பார்க்காமல், பிரதிவாதி வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எழுதப்பட்ட தீர்ப்பு, வழக்கின் தகுதியைப் பார்த்து எழுதியதாகாது. அதை இங்கே நிறைவேற்ற முடியாது. ஆகவே துபாயிலிருந்து தீர்ப்பு வந்திருக்கிறது என்று ஒருவர் வந்தால், அதன் அரபு மூலமும் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வாங்கி, நீதிபதி எந்த ஆவணத்தைப் பார்த்தார், யாருடைய வாக்குமூலத்தை எழுதினார் என்று வரி வரியாகப் படிப்பதுதான் வக்கீலின் முதல் வேலை.